கடைக்கோடிக் கதவு

"ஒரெஸ்தே ஐயா, உள்ளே என்ன முட்டையா போடுறீங்க? அடைகாத்துக் குஞ்சு பொரிச்ச பிறகுதான் வருவீங்களா?"

"அண்ணே, கதவத் தொறங்கண்ணே! எம் பொண்ணு காலைப் பின்னிக்கிட்டு நிக்குது!"

"அவரு தொறக்க மாட்டாரு நுன்சியா. அந்த அறைக்கும் சேத்து அவர்கிட்ட வாடகை வாங்கச் சொல்லணும். தனக்கு முடிஞ்சாப் போதும், அடுத்தவ வயிறு வெடிச்சா என்ன!"

"முடிஞ்சாத்தானே யோலே," என்றது உள்ளேயிருந்து ஒரு களைத்த குரல். "முடிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

 பால்கனியில் நின்ற யோலே காலில் கிடந்த மரச்செருப்பைக் கழற்றிக் கதவில் இன்னும் நாலு போடு போட்டாள். அவள் சட்டை இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். கைக்குப் பலம் அதிகம்.

மிலானில், டிராம் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் அந்த நாலு மாடி வீட்டில் தளத்துக்கு ஒரு கக்கூஸ். முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நீளமான பால்கனி ஓடும். அதன் கடைக்கோடியில் அந்தக் கதவு. சாவி ஒன்றே ஒன்று. தொலையாமல் இருக்கட்டும் என்று அதை ஒரு கனத்த மரக்கட்டையில் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டார் முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கட்டையைக் கொடுக்க வேண்டும். கட்டை கைமாறும்போதே யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டுப் பெண் யாரோடு சினிமாவுக்குப் போனாள் என்பதும் கைமாறிவிடும். பத்திரிகை வாங்குகிற செலவு மிச்சம்.

ஒரெஸ்தேக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. பணிமனையில் டிராம்களுக்கு பிரேக் கட்டை பொருத்துகிற வேலை. ஓடுகிற வண்டியை நிறுத்துவதில் ஊரிலேயே கெட்டிக்காரர். அவருடைய வயிறும் அவரைப் பார்த்து அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது என்று முதல் மாடிக்காரர்கள் சிரித்தார்கள்.

போன குளிர்காலத்தில் அவர் மனைவி ஆர்மிதா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். அவள் இருந்தவரை மூன்றாவது மாடியில் காலை முதல் முறை அவர்களுடையது. காபி குடித்த கையோடு போவார்கள். அவளைப் புதைத்துவிட்டு வந்த வாரமே மாடி கூடிப் பேசியது. தெற்கே புலியாவிலிருந்து பிழைக்க வந்த கோசிமோவுக்கும் அவன் மனைவி நுன்சியாவுக்கும் நாலு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று தினமும் ஒப்பாரி.

"நீங்க ஒருத்தர்தானே அண்ணே," என்றான் கோசிமோ, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகத்தான். "பணிமனையிலயும் வரிசையா கட்டி வெச்சிருக்காங்களே."

"ஆமா, நான் ஒருத்தன்தானே," என்றார் ஒரெஸ்தே. "எனக்கென்ன அவசரம்."

இப்படியாக அவருடைய முறை காலையிலிருந்து கிளம்பி, இரவில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வரும் கடைசி முறையாகப் போய் உட்கார்ந்தது. பெண்டாட்டி போன துக்கத்தில் அவருக்கு முறை போனது உறைக்கவில்லை. வயிற்றுக்கு உறைத்தது.

காலையில் எழுந்து அடுப்பை மூட்டுவார். காபி கொதித்து மூச்சு விடும். முதல் மிடறு உள்ளே இறங்கியதும் தொப்புளுக்குக் கீழே ஏதோ கண்விழித்துப் புரளும். பெருங்குடல் கூப்பிடுகிறது. பால்கனிக்கு வருவார். கடைக்கோடிக் கதவுக்கு முன்னால் கோசிமோவின் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். பெரியது சின்னதைக் கிள்ளும், சின்னது அலறும். ஒரெஸ்தே கம்பியைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் ஏதோ பார்க்க வந்தவர் போலக் கீழே பார்ப்பார். கூப்பிட்டது கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு, தட்டிப் பார்த்தும் ஆளில்லாத வீட்டிலிருந்து திரும்பும் விருந்தாளி போல, மெதுவாகப் போய்விடும்.

பணிமனையில் வரிசையாகக் கட்டிவைத்திருந்தது உண்மைதான். ஆனால் அரைக்கதவு. எவனாவது சிகரெட் பிடிக்கிறானா என்று மேஸ்திரி ஸ்பானரால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவான். ஒரெஸ்தே அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாடென்றால், நின்றபடியே ஒரு ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. வாயில் எச்சில் ஊறாமலே இறங்கிய சாப்பாடு. அப்புறம் மரக்கட்டை வரும். போய் உட்காருவார். அவருக்கு முறை இருந்ததே தவிர, அவர் குடலுக்கு அந்த நேரத்தில் எந்த வேலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாருக்காவது அவசரம் வரும். மரச்செருப்பு பேசும்.

மாடியே மருத்துவம் பார்த்தது. நுன்சியா தன் ஊர் ஆலிவ் எண்ணெயில் அத்திப்பழம் ஊறவைத்துத் தந்தாள். யோலே உலர்ந்த பிளம்ஸ் பழத்தைச் சர்க்கரையில் வேகவைத்து நீட்டினாள். அதோடு எப்படி உட்கார வேண்டும் என்று பால்கனியிலேயே குந்திக் காட்டினாள்; எதிர்ப் பக்கத்து ஆண்பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரெஸ்தே எல்லாவற்றையும் தின்றார். காலையில் வேலைக்குப் போகையில் கேட்பார்கள்: "ஆச்சா அண்ணே?" மாலையில் திரும்பும்போதும் அதே: "ஆச்சா?" தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஆர்மிதா போன பிறகு அந்த வீடு அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் பால்கனிகளில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரெஸ்தே படியிறங்கி முற்றத்துக்கு வந்தார். வயிறு மேளம் போல் விறைத்திருந்தது. வாசல்காரி செசீரா தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் சூப் ஊற்றுகிற பெரிய கரண்டி.

"இன்னிக்கு உங்கள விடறதா இல்ல. விளக்கெண்ணெய்! எங்கம்மா இதுலதான் ஒம்போது பேர வளத்தா. வாயத் தொறங்க பாப்போம், சமத்தா!"

மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். ஒருவன் கம்பியில் தாளம் போட்டான். "தொற! தொற! தொற!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல மனசோடுதான். அந்த வீட்டில் கெட்ட மனசு யாருக்கும் கிடையாது. புத்திதான் கொஞ்சம் பற்றாக்குறை.

கரண்டி மூக்கருகே வந்தபோது ஒரெஸ்தேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை தானாக எழுந்து அறைந்ததில் கரண்டி ஒரு பக்கம் பறந்தது; பாட்டில் கல்லில் விழுந்து சிதறியது. அந்தக் கொழகொழத்த வாடை முற்றம் முழுவதும் பரவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறினார்.

"நல்லதுக்குக் காலமில்ல!" என்று கத்தினாள் செசீரா. "இத யாரு கழுவறது? எவ வழுக்கி விழுந்து இடுப்பொடிக்கப் போறாளோ!"

தாளம் போட்டவன் நிறுத்திவிட்டான். அந்த வீட்டிலிருந்த வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். அவர்களுக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய விளக்கெண்ணெய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று இரவு யோலே சாவிக் கட்டையோடு அவர் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுநாள் இரவும் தட்டினாள். விளக்கு எரியவில்லை; ஆனால் உள்ளே யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவது கேட்டது. தோளால் ஒரு இடி இடித்தாள். தாழ்ப்பாள் பழசு, கையோடு வந்துவிட்டது.

ஒரெஸ்தே கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். காலில் ஷூ கழற்றவில்லை. முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"நல்லாயிருக்கு. ஷூவோட படுக்கையில! ஆர்மிதாக்கா பாத்தா என்ன சொல்வா?" என்று ஆரம்பித்தவள் கிட்டே போய்ப் பார்த்ததும் வாயை மூடினாள். பால்கனிக்கு ஓடிவந்து, "கோசிமோ! டேய் கோசிமோ! டாக்டரக் கூட்டிட்டு வா! பறந்து போ!" என்று அவள் கத்தியதில் நாலு மாடியிலும் விளக்கு எரிந்தது.

தொழிலாளர் காப்பீட்டு டாக்டர் மொல்தேனி கனத்த உடம்புக்காரர். ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தத்தையே காணோமே. ஞாயித்துக்கிழமை தொழிற்சாலை மாதிரி கெடக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

யோலே வெளியே போனாள். போகிற போக்கில், நோயாளிக்குக் காற்று வரட்டுமே என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆர்மிதா போனதிலேர்ந்து."

"அது மனசு. நான் குடலக் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் நின்னுது டாக்டர்."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கவும் நேரம் தேவைப்பட்டது.

"கேளுங்க. குடல் உங்க தலை சொல்றதக் கேட்டு நடக்கற ஆள் இல்ல. அதோட சுவருக்குள்ளயே, ரெண்டு தசை அடுக்குக்கு நடுவுல, நரம்பு வலை பின்னிக் கெடக்கு. தனி மூளைன்னே வெச்சுக்குங்க. உள்ள ஏதாவது வந்து சுவர அமுக்கினா, அந்த நரம்பே பின்பக்கத்த இறுக்கும், முன்பக்கத்தத் தளத்தும். டிராம் வர்றதுக்கு முன்னால தண்டவாளத்த மாத்தி வழி விடறானில்ல, அந்த மாதிரி."

"அப்ப ஏன் நிக்குது?"

"பெருங்குடல் முக்கால்வாசி நேரம் சும்மா பிசைஞ்சுக்கிட்டு, தண்ணிய உறிஞ்சிக்கிட்டுக் கெடக்கும். பெரிய தள்ளு தள்ளறது எப்பவாவதுதான். முக்கியமா தூங்கி எழுந்ததும், சாப்பாடு வயித்துல விழுந்ததும். வயிறு கீழ சேதி அனுப்பும். பாதி சேதி நரம்பு வழியா; பாதி, ஹார்மோன்னு ஒரு சாறு, ரத்தத்துல கலந்து. 'மேல புது ஆள் வந்தாச்சு, கீழ எடத்தக் காலி பண்ணு'ன்னு. வாசனை பிடிச்சாலே, வாயில எச்சில் ஊறினாலே அந்த வேலை ஆரம்பிச்சிடும். அப்பக் கூப்பிடும்போது நீங்க போகணும். போகலேன்னா அது திரும்பிடும். உள்ள கெடக்கறது காஞ்சு கல்லாகும். தெனமும் இப்படியே போனா, ஒரு நாள் கூப்பிடறதையே விட்டுடும். பதில் சொல்லாத வீட்டுக்கு எவன் திரும்பத் திரும்ப வருவான்?"

"எனக்கு ராத்திரி முறை டாக்டர்."

"ராத்திரி அது தூங்கப் போற நேரம். போதாததுக்கு இன்னொண்ணு இருக்கு. பயம். பயந்தா, கிட்னிக்கு மேல உக்காந்திருக்கற சுரப்பி அட்ரினலின ரத்தத்துல கொட்டும். வேற ஒரு நரம்புக் கூட்டமும் வந்து சேரும். அவ்வளவுதான், குடல் கடையச் சாத்திடும். புலி தொரத்தறப்ப எவன் போய் உக்காருவான்? உங்களத் தொரத்தறது என்ன புலி?"

ஒரெஸ்தே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கதவத் தட்டறது," என்றார்.

பிறகு சொன்னார். அவருக்கு மீசை அரும்பியிருந்த வயசு. லோடிப் பக்கத்து ஊரில் வேலைநிறுத்தம். அதை உடைக்கப் பாசிஸ்டுப் பயல்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். சத்திரத்துக்கு முன்னால் அவரைப் பிடித்து மண்டிபோட வைத்து, புனல் வைத்து, ஒரு முழுப் பாட்டில் விளக்கெண்ணெயை வாயில் கொட்டினார்கள். எழுந்து சத்திரத்துக் கொல்லைக் கக்கூஸுக்கு ஓடி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர்கள் விடவில்லை. சுற்றி நின்று தடியால் கதவைத் தட்டினார்கள், தாளம் போட்டு, பாட்டுப் பாடி. பிறகு கதவை உடைத்தார்கள். சந்தைக்கு வந்த ஊரெல்லாம் பார்த்தது.

"யாரும் கிட்ட வரல. சத்திரத்துல துணி தொவைக்கிற பொண்ணு ஒருத்தி மட்டும் வந்தா. ஏப்ரன அவுத்து ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு முதுகக் காட்டி வாசல்ல நின்னா. அவங்க அவள என்னென்னவோ சொன்னாங்க. நகரல." சுவரிலிருந்து டாக்டர் பக்கம் திரும்பினார். "அப்படியே நின்னுட்டா டாக்டர். கல்யாணம் பண்ணி இங்க வந்த பிறகும், தெனமும் காலையில அந்தக் கதவுக்கு வெளிய காவலா இருப்பா. ஒரு நாளும் எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. அவ இருந்தா யாரும் தட்ட மாட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே யோலே மரச்செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நகர்ந்தால் சத்தம் கேட்குமே என்று. ஆர்மிதாவின் முக்காலி அவளுக்கு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் அதில் உட்கார்ந்து பால்கனி வழியை அடைத்துக்கொண்டு, முழங்காலுக்கு நடுவே காபி மில்லை வைத்து அரைப்பாள். முழுக்கொட்டை வாங்க வசதியிருக்கிற பவிசைக் காட்டத்தான் நடுவழியில் உட்கார்ந்து அரைக்கிறாள் என்று மாடியே பேசிற்று. யோலே அதை அவள் முகத்துக்கு நேரேயே சொன்னதுண்டு. ஆர்மிதா சிரித்துவிட்டு இன்னும் ஒரு பிடி கொட்டையைப் போட்டு அரைத்தாள்.

"இன்னிக்கு எனிமா குடுத்து வழி பண்றேன்," என்றார் டாக்டர். "ஆனா அது என் வேலை, குடலோட வேலை இல்ல. சனிக்கிழமைக்குள்ள தானா வேலை செய்யலேன்னா ஆஸ்பத்திரியில சேத்துடுவேன். அங்க பாத்துட்டுத் தேவைன்னா கத்தி வைப்பாங்க."

ஒரெஸ்தே அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்திருந்தார். ஆர்மிதா கிடந்த நீண்ட கூடம். சுவரோரம் இரண்டு வரிசைக் கட்டில். படுத்த படுக்கையிலேயே, ஒரு துணித் திரையை இழுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே பாத்திரம் வைப்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டில்காரியின் சொந்தபந்தம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும். அங்கே போவதைவிட இந்தக் கட்டிலிலேயே சுருண்டு செத்துவிடலாம் என்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

யோலே வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் கேட்டதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. அன்று ஜன்னல் அவளுக்கு மட்டுமா திறந்திருந்தது?

மறுநாள் விடியற்காலை அவள் கோசிமோ வீட்டு வாசலில் நின்றாள்.

"சாவிய எடு."

"முறை எங்களோடது அக்கா," என்றான் கோசிமோ, ஒரு கன்னத்தில் சவர நுரையோடு. "நாலு பிள்ளைங்க, பள்ளிக்கூடம்..."

"பள்ளிக்கூடத்துலதான் வரிசையா கட்டி வெச்சிருக்காங்களே."

கோசிமோ புறங்கையால் நுரையைத் துடைத்தான். அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டது போல இருந்தது.

"என் முறைய நீ எடுத்துக்க. அதுக்கு மேல உன் ஞாயித்துக்கிழமைச் சட்டைய ஓசியில இஸ்திரி போட்டுத் தரேன். காலர் எப்படி நிக்குதுன்னு மட்டும் பாரு."

"குடுங்க, குடுத்துத் தொலைங்க," என்று நுன்சியா உள்ளேயிருந்து மரக்கட்டையை எடுத்து வந்து நீட்டினாள். அத்திப்பழம் பலிக்காத வருத்தம் அவளுக்கு.

ஒரெஸ்தே அப்போதுதான் காபியில் வாய் வைத்திருந்தார். கதவு தட்டப்பட்டதும் கோப்பை தளும்பிற்று.

"போங்க," என்றாள் யோலே கட்டையை நீட்டி. "நான் இங்க துணி காயப்போடப் போறேன். எவனும் இந்தப் பக்கம் வர மாட்டான்."

அவர் போய் உட்கார்ந்தார். வெளியே யோலே பால்கனிக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஈரச் சட்டைகளைச் சுவர் போலத் தொங்கவிட்டாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பக்கமாகப் படிக்குப் போக வந்த பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவிடம் அவள் பேசிய பேச்சு, மூன்று தெருவுக்குக் கேட்டது. அவன் திருப்பிக் கத்தினான். அவள் ஈரச் சட்டையால் அவனை ஓர் அறை அறைந்தாள். கதவுக்கு உள்ளே ஒரெஸ்தேயின் உள்ளங்கை வேர்த்தது, வயிறு கல்லானது.

வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்தே யோலே புரிந்துகொண்டாள். "நான் உங்களுக்காகத்தானே கத்தினேன்?"

"குடலுக்கு அதெல்லாம் தெரியாது யோலே. அதுக்குக் கத்தறது கத்தறதுதான்."

"அப்ப ஆர்மிதாக்கா என்ன பண்ணுவா? பாடுவாளா? எனக்குப் பாட வராது. சர்ச்சுலயே வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க."

ஒரெஸ்தே சாவிக் கட்டையைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மில் அலமாரியில இருக்கு," என்றார் கடைசியில். "அவ போன பிறகு எடுக்கல. பொடியாவே வாங்கிக்கறேன்."

மறுநாள் அவர் உள்ளே போய் உட்கார்ந்தபோது வெளியே முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு கொட்டைகள் தகரத்தில் விழுகிற சத்தம். பிறகு கிர்ர், கிர்ர். எவனோ வந்தான், கிர்ர் நிற்கவில்லை, வந்தவன் தயங்கித் திரும்பிப் போனான். கதவின் கீழ் இடுக்கு வழியாக வறுத்த கொட்டையின் மணம் மெதுவாக உள்ளே வந்தது.

அவர் வாயில் எச்சில் ஊறியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

முதலில் விலாவுக்குக் கீழே லேசான ஓர் அசைவு. பூட்டிக் கிடந்த கொட்டகையில் யாரோ முதல் விளக்கைப் போட்டது போல. பிறகு ஓர் இறுக்கம் பிறந்து, வயிற்றின் மேல்பக்கத்தில் வலமிருந்து இடமாக நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் தளர்ந்து, அடுத்த இடத்தில் இறுகி, இடது பக்கமாகக் கீழே இறங்கியது. அவர் ஒன்றும் செய்யவில்லை. முக்கவில்லை, மூச்சுப் பிடிக்கவில்லை. தொழிலாளர்கள் தாங்களாகவே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். முதலாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

வெளியே மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மிதா அரைப்பது நிதானமாக இருக்கும். நடுநடுவே நிறுத்தி, கொட்டையைத் தட்டிவிட்டு, மறுபடி அரைப்பாள். இது இஸ்திரிக்காரியின் அவசரக் கை. நிறுத்தாமல், சாவி கொடுத்த பொம்மை போல. குடலுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அது ஏமாந்துவிட்டது. அவர் ஏமாறவில்லை. கால்சட்டை முழங்காலில் கிடக்க, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதார். புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை என்பதை மாடி அப்போதே கவனித்துப் பேசியிருந்தது.

சங்கிலியை இழுத்தார். தண்ணீர் இரைந்தது. முற்றத்தின் மறுபக்கத்திலிருந்து யாரோ, "ஆச்சு!" என்று கூவினார்கள். நாலு மாடியும் கைதட்டியது. அந்த வீட்டில் அந்தரங்கம் என்பது அவ்வளவுதான்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார், வயிற்றில் காதை வைத்தார், ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதாமலே படியிறங்கினார். அதன் பிறகு தினமும் விடியற்காலையில் யோலே முக்காலியில் உட்கார்ந்தாள். செசீரா முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். மாடியில் பந்தயம்கூடக் கட்டினார்கள். ஒரு நாள் ஒரெஸ்தே மீசையை ஒழுங்காகக் கத்தரித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பந்தயம் இரண்டு மடங்காயிற்று.

அந்த நாட்களில் ஒருமுறை, சாவிக் கட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டே யோலே கேட்டாள்:

"அவ மாதிரி அரைக்கறேனா?"

"கொஞ்சம் வேகம்."

"கொறைச்சுக்கவா?"

ஒரெஸ்தே அவளைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயசு, இஸ்திரிப் புகையில் சிவந்த முகம், நெற்றியில் ஒட்டிய மயிர். நல்ல மனுஷி. அவள் ஒரு பதிலுக்காக நிற்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றார். "உங்க வேகத்துலயே அரைங்க."

அவள் கொஞ்ச நேரம் மில்லின் கைப்பிடியைத் தேவையில்லாமல் துடைத்தாள். "சரி," என்றாள். முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். பந்தயம் கட்டியவர்களுக்கு இது தெரியாது. பாவம், இன்னும் ஒரு மாதம் காத்திருந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் யோலே, மாதாமாதம் ஒரு மூட்டை சட்டை கொண்டுவந்து போடுகிற கடைக்காரரைக் கட்டிக்கொண்டு நோவாராவுக்குப் போனாள். அவருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாதாம், காலையில் கோவில் மணி மாதிரி என்று செசீராவிடம் அவளே சொன்னாள். சொல்லும்போது பெருமையாகச் சொன்னாளா, அலுத்துச் சொன்னாளா என்பது செசீராவுக்கே விளங்கவில்லை. யோலே போன பிறகு நுன்சியா கொஞ்ச நாள் அரைத்தாள். பிள்ளைகள் கைப்பிடிக்குச் சண்டை போட்டு அதை ஒடித்தார்கள். கோசிமோ புதுக் கைப்பிடி வாங்கிப் போட்டான். அப்புறம் அவர்களும் ஊருக்கு வெளியே கட்டிய புதுக் குடியிருப்புக்கு மாறிப் போனார்கள். அவர்களுடைய மூத்த பெண், காலைப் பின்னிக்கொண்டு நின்றவள்தான், குமாஸ்தாவின் தம்பியையே பின்னால் கட்டிக்கொண்டாள்.

டிராம் கம்பெனி ஒரெஸ்தேக்கும் புது வீடு கொடுத்தது. ஐந்தாவது மாடி, இரண்டு அறை, வெள்ளை ஓடு பதித்த சொந்தக் குளியலறை. செசீரா ஒரு கேக்கைச் சாக்காக வைத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வயிறு சரியாகத்தான் இருக்கிறதாம். காலையில் தானே முக்காலியில் உட்கார்ந்து மில்லை அரைப்பாராம். மணம் பரவியதும் எழுந்து போவாராம்.

"கதவ மட்டும் சாத்தறதே இல்ல," என்றாள் செசீரா, குரலைத் தாழ்த்தி. "எதுக்குண்ணே தொறந்து போட்டிருக்கீங்கன்னு கேட்டேன். 'யாரு வரப்போறா செசீரா'ன்னாரு."